பெயர் சொல்லாத வேட்டுவர்கள்

மலர்க்குழு நண்பர்கள் இந்த வருஷமும் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். திருமலை, சித்தாமூர், கழுகுமலை என்று ஏதாவது ஒரு சமணத் தலத்தைப் பற்றி எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வில்லால் மான் வேட்டையாடுவது. "என்ன நயினாரே, உமக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று குழுவில் ஒருவர் சிரித்தே விட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் காய்கறியை 'வெட்டினேன்' என்று சொன்னால்கூடப் பாட்டிக்குப் பிடிக்காது. 'திருத்தினேன்' என்று சொல்ல வேண்டும். பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடிக்கிற குடும்பம். இந்தப் போபாலில் நாற்பது வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். வில் என்ற பொருளைக் கையால் தொட்டதே 2017-ல்தான், அதுவும் அமெரிக்காவில்.

அந்த வருஷம் செப்டம்பரில், மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் விஸ்கான்சின் மாநிலம் போய் ஆறு மாதம் இருந்தோம். அடுத்த வீட்டுக்காரர் ஒரு தச்சர். என் வயதுக்காரர், அதிகம் பேசாதவர். நாங்கள் போய் இறங்கிய சில நாட்களில் அங்கே வில் வேட்டைப் பருவம் தொடங்கியது. அந்த மாநிலத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து பனிக்காலம் வரை வில்லுக்கென்றே தனிப் பருவம் உண்டு. துப்பாக்கிக்கு நவம்பர் கடைசியில் ஒன்பது நாள்தான். அவர் துப்பாக்கியைத் தொடுவதில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும். நானும் சாமாயிகத்துக்கு அந்த நேரம் எழுபவன். இரண்டு ஜன்னல்களில் மட்டும் விளக்கு எரியும். இப்படித்தான் பழக்கம் ஆனது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டதையும் மகள் மொழிபெயர்த்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். வில் வேட்டையில் அம்பு பாய்வது கணநேரம், மீதி முழுக்கக் காத்திருப்பு என்றார் அவர். மரத்தில் பதினைந்து அடி உயரத்தில் ஒரு சின்னத் தட்டில், இடுப்பில் வார் கட்டிக்கொண்டு மூன்று நாலு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். மானுக்குக் கண்ணைவிட மூக்குதான் கூர்மை. அதனால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் இடம் பிடிக்க வேண்டும். காற்று மாறினால் இறங்கி வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். உடுப்பை வாசனையில்லாத சோப்பில் துவைத்து வெளியில் காயப் போடுவார். காப்பி கிடையாது, புகை கிடையாது. துப்பாக்கிக்காரன் நூறு இருநூறு கஜத்தில் சுடுவான். வில்காரனுக்கு இருபது கஜம், மிஞ்சிப் போனால் முப்பது. அவ்வளவு கிட்டே வரும்போது மானின் மூச்சு பனியில் புகையாகத் தெரியும் என்றார். அந்தத் தூரத்தில் வில்லை இழுக்கிற அசைவையே மான் கண்டுகொள்ளும். அதனால் பத்து முறை மான் வந்தால் ஒன்பது முறை வில்லைத் தூக்குவதே இல்லையாம்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். அம்பு பட்ட மான் அங்கேயே விழாது, ஓடும். உடனே பின்னால் ஓடக் கூடாது. துரத்தினால் அது மேலும் மேலும் ஓடி, எங்கோ புதரில் தனியாகச் சாகும். அரை மணியாவது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பிறகு இறங்கி அம்பைத் தேடி எடுத்துப் பார்க்க வேண்டும். நுரையோடு செக்கச்செவேல் என்று இருந்தால் நுரையீரல், மான் அருகில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், இன்னும் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாக இருந்தால் குடல். அப்போது இரவு முழுக்கக் காத்திருந்து காலையில்தான் தேட வேண்டும். "அந்த இரவு தூக்கம் வராது" என்றார். போன பருவத்தில் அப்படி ஒரு மானைத் தொலைத்துவிட்டாராம். இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் மாலை கதவைத் தட்டினார். கையில் வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். அந்தப் பருவத்தில் அவர் விட்ட ஒரே அம்பு, ஒரு பெண் மான். குழந்தை பெற்ற வீடு என்று நல்ல பாகமாகப் பார்த்துக் கொண்டுவந்திருக்கிறார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கை கூப்பி, "எங்கள் வழக்கத்தில் இது இல்லை, மன்னிக்க வேண்டும்" என்றேன். ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனார். நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனால் கதவைச் சாத்திய பிறகு, வாசலில் வந்த அதிதியை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோமே என்ற எண்ணம் போகவில்லை. கொடுக்க வந்தவனை வாங்காமல் அனுப்புவதும் ஒரு விதத்தில் வெறுங்கையோடு அனுப்புவதுதானே?

போபாலுக்குத் திரும்பியதும் புறநானூற்றை எடுத்து 150-ஆம் பாட்டைப் பிரித்தேன். உ.வே.சாமிநாதையர் 1894-ல் பழைய உரையோடு பதிப்பித்த நூல். அதற்கு ஏழு வருஷம் முன்பு, 1887-ல், அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமணர்கள்தான் அவருக்குப் பாடம் விளங்கத் துணை நின்றார்கள் என்பது நம் நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெருமையில்தான் சின்ன வயதில் எங்கள் ஊர் வாத்தியார் எனக்கு ஐயர் பதிப்புகளை அறிமுகப்படுத்தினார்.

150-ஆம் பாட்டைப் பாடியவர் வன்பரணர். காட்டு வழியில் களைத்துப் போய் ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். கிழிந்த துணியோடு, கூதிர்க்கால மழையில் நனைந்த பருந்து மாதிரி இருந்தேன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறார். அப்போது வலிய வில்லோடு ஒரு வேட்டுவன் வருகிறான். மான் கூட்டத்தை வேட்டையாடிய இரத்தம் அவன் கழற்காலில் இருக்கிறது. தலையில் மணி மின்னுகிறது, செல்வன் என்று தெரிகிறது. புலவர் எழுந்து கும்பிடப் போகிறார். எழ வேண்டாம் என்று கையைக் காட்டி உட்கார வைக்கிறான். காட்டில் வழி தப்பிய அவனுடைய ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவர்கள் வரட்டும் என்று இருக்காமல், தானே தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்கி, கொழுத்த இறைச்சியை விரைவாகச் சுட்டு, சுற்றத்தாரோடு தின்னுங்கள் என்று கொடுக்கிறான். பசி தீர்ந்து, அருவித் தண்ணீர் குடித்து, புலவர் விடை பெறும்போது, நாங்கள் காட்டு நாட்டார், உயர்ந்த பொருள் வேறு எதுவும் எங்களிடம் இல்லை என்று சொல்லி, மார்பில் இருந்த ஆரத்தையும் கைக் கடகத்தையும் கழற்றித் தருகிறான். எந்த நாடு என்று கேட்டால் நாட்டைச் சொல்லவில்லை. யார் என்று கேட்டால் பெயரையும் சொல்லவில்லை. போகிற வழியில் மற்றவர்கள் சொல்லித்தான், அவன் தோட்டி மலையைக் காக்கும் நள்ளி என்று புலவருக்குத் தெரிகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன்.

இரண்டு பாட்டு தள்ளி 152-ஐப் பாருங்கள். அதே வன்பரணர். அங்கே வேட்டுவன் கொல்லிமலை வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, புள்ளிமான் கலையை உருட்டி, பன்றியைத் தள்ளி, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது என்கிறார் புலவர். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் இந்தப் பகுதியைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். விஸ்கான்சின் தச்சரிடம் இதைச் சொல்லியிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். கவிஞர் கூட்டிச் சொல்கிறார், இருக்கட்டும். அடுத்து வருகிற ஒரு சிறு செய்தி வியாபாரியாகிய என் கண்ணில் பட்டது. இந்தக் கொலைத் தொழில்காரன் யாரோ தெரியவில்லை, பார்த்தால் இறைச்சி விற்கிறவனாகவும் தெரியவில்லை என்று பாணர் கூட்டம் தங்களுக்குள் பேசிக்கொள்கிறது. ஆக, அக்காலத்தில் விற்கிற வேட்டுவன் வேறு, விற்காத வேட்டுவன் வேறு. விற்கிற வேட்டுவனைக் கோவூர் கிழார் 33-ஆம் பாட்டில் காட்டுகிறார். வேட்டுவன் வட்டி நிறைய மான் தசை கொண்டுவருகிறான், இடைச்சி பானையில் தயிர் கொண்டுவருகிறாள், உழவர் வீட்டுப் பெண்கள் இருவருக்கும் வெண்ணெல்லை முகந்து கொடுக்கிறார்கள். காசில்லாத கடைத்தெரு.

ஓரியின் பாட்டிலும் பெயர்தான் விஷயம். பாடிக்கொண்டு வந்தவர்கள் 'கோ' என்று அரசனைக் குறிக்கும் சொல்லைச் சொன்னதும், அது தன் பெயர் ஆகையால் அவன் வெட்கப்படுகிறான். அவர்கள் எதுவும் கேட்கும் முன்பே வேகவைத்த மான் இறைச்சியும் மதுவும் பொன்னும் மணியும் கொடுக்கிறான். ஒரே புலவர் கண்ட இரண்டு வேட்டுவர்கள். ஒருவன் பெயரைச் சொல்லவில்லை, மற்றவன் பெயரைக் கேட்டு நாணினான். இது புலவரின் கைவேலையா, வேட்டுவர் மரபா என்று பல நாள் யோசித்தேன். வேட்டுவர் மரபும் இருக்கலாம் என்று எண்ண வைத்தவர் மூன்றாவது வேட்டுவர். அவர் தமிழர் அல்லர்.

1911 ஆகஸ்ட் 29 அன்று கலிபோர்னியாவில் ஓரவில் என்ற ஊரில், ஊர்ப்புறத்து இறைச்சிக் கொட்டகை அருகே பசியால் மெலிந்த ஒருவர் பிடிபட்டார். யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர். 1860-களில் குடியேறிய வெள்ளையர் அவருடைய மக்களைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். மிஞ்சிய சிலர் மான் ஓடை என்று பெயர் கொண்ட ஒரு பள்ளத்தாக்கில் நாற்பது வருஷம் ஒளிந்து வாழ்ந்து, ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆல்ஃபிரட் க்ரோபர், வாட்டர்மன் என்ற மானிடவியல் பேராசிரியர்கள் அவரை சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய்த் தங்க வைத்தார்கள். பெயர் கேட்டார்கள். சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் மரபில் இல்லை, இன்னொருவர் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இன்னொருவர் உயிரோடு இல்லை. க்ரோபர் 'இஷி' என்று ஒரு பெயர் வைத்தார். அவர்கள் மொழியில் அதற்கு 'மனிதன்' என்றுதான் பொருள். 1916 மார்ச் 25-ல் காசநோயால் இறக்கும் வரை தன் உண்மைப் பெயரை இஷி சொல்லவே இல்லை. நள்ளிக்காவது வழியில் போகிறவர்கள் பெயர் சொல்ல இருந்தார்கள்.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவக் கல்லூரியில் சாக்ஸ்டன் போப் என்று ஓர் அறுவை மருத்துவர். இஷிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் அவரிடம் வில் கட்டவும் அம்பு செய்யவும் மாணவராகச் சேர்ந்துவிட்டார். 1914 மே மாதம் இஷி, க்ரோபர், வாட்டர்மன், போப், போப்பின் சிறு மகன் எல்லோரும் மான் ஓடைக்குப் போய்ப் பல நாட்கள் தங்கினார்கள். அந்த ஒரு பருவத்தில் இஷி தன் பழைய இடங்களையும் மறைவிடங்களையும் காட்டி, மானை எப்படி அணுகுவது என்பதைச் செய்தே காட்டினார். போப் 1923-ல் எழுதிய வில் வேட்டை நூல்தான் அமெரிக்காவில் அந்தக் கலையைத் திரும்ப உயிர்ப்பித்தது. 1934-ல் விஸ்கான்சினில் வில்லுக்கென்று தனி மான் பருவம் விட்டதற்கும் இந்த நூல் எழுப்பிய ஆர்வம் ஒரு காரணம். என் அண்டை வீட்டுத் தச்சரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, தன் இனம் அழிந்த ஒரு மனிதர் அழித்தவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

இஷியின் நியமங்களை போப் எழுதி வைத்திருப்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் நூலை மூடி வைத்துவிட்டேன். மான் வேட்டைக்குப் போகும் முன் இஷி மீன் சாப்பிட மாட்டார். புகையிலை கிடையாது. பெண் உறவு விலக்கு. அன்று விடியுமுன் எழுந்து, ஓடையில் குளித்து, மணமுள்ள தழைகளை உடம்பில் தேய்த்து, வாய் கொப்பளித்து, தண்ணீர் மட்டும் குடித்து, சாப்பிடாமல் புறப்படுவார். கொஞ்சம் மாற்றினால் தசலட்சண பருவத்தில் எங்கள் தாத்தா இருந்த நோன்பு! ஓர் உயிரும் வாடக் கூடாதென்று நாங்கள் இருக்கும் விரதத்தை அவர் ஓர் உயிரை எடுப்பதற்காக இருக்கிறார். உடம்பு வாசனை மானுக்கு எட்டாமல் இருக்க என்று இதற்கு ஒரு காரணம் சொல்லலாம். தச்சர் வாசனையில்லாத சோப்பில் துவைத்தாரே, அது மாதிரி. ஆனால் உண்ணாமல் இருப்பதற்கும் மனைவியை விலகி இருப்பதற்கும் வாசனை மட்டும் போதுமான காரணம் என்று எனக்குப் படவில்லை.

இன்னொன்று. இஷி பஞ்சு அடைத்த மான் தலை ஒன்றைக் குல்லாய் போல அணிந்து, புதருக்குப் பின்னால் மறைந்து அதை ஆட்டுவார். என்னவோ என்று பார்க்க மான் கிட்டே வரும். நம்மிடம் இதற்குச் சொல்லே இருக்கிறது: பார்வை. பழக்கி வைத்து, காட்டு விலங்கை இழுக்கப் பயன்படுத்தும் விலங்குக்குப் 'பார்வை' என்று பெயர். புறநானூற்றின் 320-ஆம் பாட்டில், வீரை வெளியனார் பாடியது, ஒரு வேட்டுவன் வீட்டு முற்றத்தில் அப்படி ஒரு பார்வைப் பிணை இருக்கிறது. பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிட்டதால் இதற்கு அந்த உரை இல்லை. ஆனால் உரை வேண்டாமலே விளங்குகிற காட்சி. முன்னையும் முசுண்டையும் படர்ந்து பந்தல் தேவையில்லாத நிழல். வேட்டுவன் அசந்து தூங்குகிறான். எங்கிருந்தோ தனியாக வந்த ஒரு கலைமான், பார்வைப் பிணையோடு சேர்ந்து விளையாடுகிறது. வேட்டுவன் மனைவி பார்க்கிறாள். அசைந்தால் கணவன் விழித்துவிடுவான், கலை பிணையை விட்டுப் போய்விடும். இரண்டுக்கும் பயந்து, வீட்டுக்குள் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறாள். அதற்குள் மான் தோலில் காயப் போட்டிருந்த தினையைக் காட்டுக் கோழியும் காடையும் வந்து தின்றுகொண்டிருக்கின்றன. அதையும் அவள் விரட்டவில்லை.

பாருங்கள், தினை காய்வது மான் தோலில். அந்த வீட்டுச் சோறு மானால் வருகிறது. எந்தப் பிணையை இரையாக வைத்து எத்தனையோ மான்களைப் பிடித்தார்களோ, அதே பிணையோடு ஒரு கலை சேர்ந்திருப்பதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நேமிநாத தீர்த்தங்கரர் கதை நம்மில் பலருக்குத் தெரியும். கல்யாண ஊர்வலத்தில், விருந்துக்காக அடைத்து வைத்த விலங்குகளின் அலறலைக் கேட்டு, அப்படியே தேரைத் திருப்பிக் கிர்நார் மலைக்குத் துறவு போனவர். போளூர் பக்கம் திருமலையில் பதினாறு அடி உயரத்தில் பாறையில் நிற்கிறார். வருஷம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது அவர் முன்னால் நிற்பேன். இப்போதெல்லாம் அந்த வேட்டுவச்சியின் நினைவும் கூடவே வருகிறது. அவர் எல்லாவற்றையும் விட்டார். அவள் ஒரு மத்தியானம் தினையை விட்டாள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறேன் என்று எங்கள் பெரியவர்கள் கோபிக்கலாம். நிறுக்கவில்லை, நினைவு வருகிறது என்றுதான் சொல்கிறேன்.

வேட்டுவரைச் சமணரும் பாடியிருக்கிறார்கள். இளங்கோவடிகள் சமணர் என்று கொள்வோர் பலர். அவர் சிலம்பில் வேட்டுவ வரி என்று ஒரு காதையே எயினருக்காக ஒதுக்கினார். அதில் கொற்றவையின் ஊர்தி மான். வேட்டுவர் கொல்லுகிற விலங்கின் மேலேயே அவர்கள் தெய்வம் ஏறி வருகிறது. தஞ்சை மாவட்டம் புள்ளமங்கைச் சோழர் கோயிலில் துர்க்கைக்கு இரு பக்கமும் சிங்கமும் மானும் நிற்பதை இன்றும் காணலாம். கவுந்தியடிகளைப் படைத்தவர் எயினரைக் கேவலமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. இது எனக்கு எப்போதும் ஆறுதல்.

தச்சரின் வாதத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயம் ஆகாது. ஓநாய்களை மனிதர்கள் கொன்று தீர்த்துவிட்டார்கள், 1960 வாக்கில் விஸ்கான்சினில் ஓநாயே இல்லை. மான் பெருகிக் காட்டுக் கன்றுகளை எல்லாம் தின்கிறது, 2002-லிருந்து அங்கே மான்களுக்குள் ஒரு மூளை நோயும் பரவுகிறது, யாராவது ஓநாயின் வேலையைச் செய்தாக வேண்டும் என்றார். ஆல்டோ லியோபோல்ட் என்று அந்த ஊர்ப் பேராசிரியர், தாமே வில் செய்து வேட்டையாடியவர். ஓநாய் குறைந்தால் மான் கூடும் என்று நம்பி இளவயதில் ஓர் ஓநாயைச் சுட்டு, அது சாகும்போது கண்ணைப் பார்த்து மனம் மாறியதை எழுதியிருக்கிறார். அவர் 1948-ல் இறந்த பின், 1949-ல் அந்த நூல் வெளிவந்தது. நம் நாட்டில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே 1972-ல் அங்கே வில், அம்பு விற்பனைக்கும் வரி போட்டு, அந்தப் பணத்தைக் காட்டு விலங்குகளுக்கே செலவிடச் சட்டம் செய்தார்கள். இரண்டு தேசமும் மானைக் காப்பாற்றத்தான் நினைத்தன. ஒன்று வில்லைத் தடுத்தது, ஒன்று வில்லுக்கு வரி போட்டது. வரியைப் பற்றி ஒரு கடைக்காரனுக்குத் தெரிந்த அளவில், அது வேலை செய்திருக்கிறது என்றே சொல்வேன். ஆனால் ஓநாயைக் கொன்றதும் நாமே, ஓநாய் இல்லையே என்று மானைக் கொல்வதும் நாமே என்றால், கணக்குப் புத்தகத்தில் ஒரே தவறை இரண்டு பக்கமும் எழுதின மாதிரி இருக்கிறது. தச்சரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, "உண்மைதான், ஆனால் இன்றைக்கு என்ன செய்வது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நம் போபாலிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டரில் பீம்பேட்கா. வாகண்கர் 1957-ல் கண்டறிந்து, 2003-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட குகைகள். சங்கத்துப் பிள்ளைகளை வருஷா வருஷம் பஸ்ஸில் அழைத்துப் போகிறோம், புளியோதரை சாப்பிட்டுத் திரும்புகிறோம். நானும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பாறையில் வில்லேந்திய மனிதர்களையும் மான்களையும் கண்டு, 'ஆதி மனிதன், பாவம்' என்று நினைத்ததோடு சரி. ஊர் திரும்பிய பிறகு 2018-ல் மறுபடி போனேன். இந்த முறை, வில்லுக்கும் மானுக்கும் இடையில் எவ்வளவு தூரம் விட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்த்தேன். சில இடத்தில் மிகக் கிட்டே. காத்திருந்து பழகியவர்கள் கைதான் அதை வரைந்திருக்க வேண்டும்.

அந்தத் தீபாவளிக்கு நள்ளியின் பாட்டை மகளிடம் சொல்லி, எளிய இங்கிலீஷில் எழுதி, தச்சரிடம் கொடுக்கச் சொன்னேன். கூடவே ஒரு டப்பா மைசூர்பாகும். வாங்காமல் அனுப்பிய பொட்டலத்துக்கு அதற்கு மேல் எனக்கு ஈடு செய்யத் தெரியவில்லை. அவர் வாசலிலேயே நின்று இரண்டு முறை படித்தாராம். பிறகு மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அந்த ஆள் எத்தனை கஜத்தில் இருந்து எய்தான் என்று. பாட்டை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். புலவர் அதைச் சொல்லவில்லை என்று எழுதச் சொன்னேன்.